எழுந்து நடந்தார்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பத்தாவது வாரத்தில் ஒருவருடைய காலை முடக்கிப் போடலாம். இருபத்தாறாவது வாரத்தில் அதே காலைச் சரியாக்கியும் விடலாம். ஆஸ்பத்திரிச் செலவு கிடையாது. ராத்திரிக் கண்விழிப்பு கிடையாது. ஒரு பேனா போதும்.

இந்தச் சௌகரியத்தை நானும் ஒரு முறை தாராளமாக அனுபவித்திருக்கிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வருவார். மாடிப்படியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் படுத்துவிடுவார். அவருக்கு ஒரே பெண். கடைசி அத்தியாயத்தில் அவளுக்குக் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு வெளியே போகிறார்கள். "நில்லுங்கள்!" என்று ஒரு குரல் கேட்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். வாத்தியார் கட்டிலை விட்டு எழுந்து நடந்து வருகிறார். முற்றும்.

பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. ஆனந்தக் கண்ணீர் விட்டதாகப் பலர் எழுதியிருந்தார்கள். மதுரையிலிருந்து டாக்டர் ஒருவர் மட்டும் ஒரு கார்டு போட்டிருந்தார்: 'தங்கள் வாத்தியாருக்கு முறிந்தது எத்தனையாவது எலும்பு? தண்டுவடம் அறுந்ததா, நசுங்கியதா? எனக்குச் சில நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.' படித்துவிட்டுச் சிரித்தேன். டாக்டர்களுக்கு ரசனை போதாது என்று வீட்டில் சொல்லிக் கார்டை எங்கோ செருகி வைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் ராஜபாளையத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர், இப்போது செட்டியார்பட்டிவாசி. மகன் தென்னைமரத்திலிருந்து விழுந்து எட்டு மாதமாகிறது என்றார். "வீட்டிலே உன்னைப் பார்க்கணும்னு சொல்றா. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்றார். அவர் மனைவிக்கு என்னிடம் என்ன காரியம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் போனேன்.

ராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் போகிறவர்களுக்கு வலது கைப்பக்கம் மலை கூடவே வரும். அடிவாரமெல்லாம் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். சேத்தூர்ப் பக்கம் நெருங்க நெருங்கத் தென்னை அதிகம். அந்த அழகைப் பார்த்து எத்தனையோ தடவை வாயாரப் புகழ்ந்திருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு மரத்தின் உயரந்தான் கண்ணில் பட்டது. செட்டியார்பட்டியை ஒட்டிய தளவாய்புரத்தில் தெருவுக்குத் தெரு தையல் மெஷின் ஓடுகிறது. பெண்களின் நைட்டி தைப்பதற்குப் பேர்போன ஊர். நண்பர் மகன் அப்படி ஒரு தையல் கூடத்தில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டராக இருந்தவன். வயது இருபத்து நாலு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூர்ச் சிநேகிதர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இளநீர் பறித்துப் போட மரத்தில் ஏறினான். சின்ன வயசிலிருந்து ஏறின மரந்தான். மட்டை கையோடு வந்துவிட்டது. விழுந்தவனைச் சிநேகிதர்கள் கையும் காலுமாகத் தூக்கி, ஆட்டோவின் பின் சீட்டில் மடித்து உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். பாசத்தில் செய்த காரியம். ஆனால் முதுகு முறிந்தவனை மடக்கக் கூடாது. 108-க்குச் சொல்லிவிட்டு, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி அசையாமல் வைத்திருக்க வேண்டும். தூக்கியே ஆகவேண்டுமென்றால் நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்து பலகையில் ஏற்ற வேண்டும் என்பது அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தென்னையும் பனையும் கிணறும் உள்ள நம் கிராமங்களில் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய பாடம் அது.

ஓர் ஆஸ்பத்திரியில் முதுகில் கம்பியும் திருகாணியும் வைத்து ஆபரேஷன் நடந்தது. மூன்று வாரத்தில், "இனிமேல் இங்கே செய்ய ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எதைப் பார்த்துக்கொள்வது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் போனபோது உள்ளறையில் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். ஜன்னல் சாத்தியிருந்தது. எண்ணெயும் சாம்பிராணியும் கலந்த வாசனையைத் தாண்டி இன்னொரு நாற்றமும் வந்தது. இடுப்புக்குப் பின்னால் படுக்கைப் புண். உள்ளங்கை அகலம் என்றார் நண்பர். இடது குதிகாலில் ஒரு தீக்காயம். யாரோ ஒருவர் சொன்னபடி சூடாக ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். அவனுக்குச் சூடு தெரியவில்லை. தோல் உரிந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பசுமாட்டை விற்றாயிற்று. நகை அடகுக் கடையில் இருந்தது. மூன்று வைத்தியர்கள் வந்து போய்விட்டார்கள். நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தது.

நண்பரின் மனைவி காப்பி கொண்டு வந்து வைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாள். பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய என் தொடர்கதை. முதல் பக்கத்தில் அவள் கையெழுத்து.

"அண்ணாச்சி, இதிலே அந்த வாத்தியார் எந்திரிச்சு நடந்துட்டார்ல. என்ன வைத்தியம் பண்ணினாங்கன்னு எழுதாம விட்டுட்டீங்களே. நானும் நாலு தரம் முதல்லேருந்து தேடிப் பார்த்துட்டேன்."

கேலி இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. நிஜமாகவே கேட்டாள். நான் யாரோ ஒருவரைப் பார்த்துத்தான் எழுதியிருப்பேன், அந்த ஒருவருடைய டாக்டர் விலாசம் என்னிடம் இருக்கும் என்று எட்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த நேரத்தில் கட்டிலில் கிடந்தவனுடைய கால் வெடுக்கென்று உதறிற்று. "பாருங்க! ஆடுது பாருங்க! தினமும் இப்படித்தான் ஆடுது. அவனுக்கு உசிர் வருது அண்ணாச்சி" என்று ஓடிப்போய் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குக் காப்பி இறங்கவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பழைய பெட்டிகளைக் கிளறி அந்தக் கார்டைத் தேடி எடுத்தேன். டாக்டர் இருந்தார், ஓய்வு பெற்றிருந்தார். மதுரைக்குப் போய் நான்தான் இன்னார் என்று சொன்னேன். "ஓ, அந்த வாத்தியாரா?" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு அவர் எனக்கு எடுத்த பாடம் மூன்று மணி நேரம்.

"முதுகெலும்பு ஒரே எலும்பு இல்லை. 33 சிறு எலும்புகளின் அடுக்கு. நடுவில் ஓடும் தண்டுவடம் சுண்டுவிரல் கனந்தான் இருக்கும். நீளம் சுமார் ஒன்றரை அடி. மூளை காலுக்கு இடுகிற கட்டளை அதன் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. காலில் முள் குத்தின செய்தியும் அதன் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. எலும்பு முறிந்தால் கூடிவிடும். கை நரம்பு அறுந்தால் மெள்ள வளரும். தண்டுவடம் அப்படி வளர்வதில்லை. கழுத்தில் அடிபட்டால் கையும் காலும் போகும். நடுமுதுகிலோ அதற்குக் கீழோ என்றால் கால் மட்டும் போகும். முழுதும் அறுபடாமல் கொஞ்சம் இழை மிச்சமிருந்தால் ஓரளவு திரும்பும். எவ்வளவு திரும்பும் என்பது பெரும்பாலும் முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் தெரிந்துவிடும்."

"கால் உதறுகிறதே?" என்றேன்.

"அதுதான் எல்லாத் தாய்மாரையும் ஏமாற்றுகிற உதறல். மேலிருந்து வருகிற கட்டளை நின்றுபோனதால் கீழே உள்ள நரம்பு தன்னிச்சையாகத் துள்ளுகிறது. அது நடை வருகிற அடையாளம் இல்லை. உதறல் மிஞ்சிப் போனால் மருந்து இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். கால் போனதால் ஒருவரும் சாவதில்லை. அவர்களைக் கொல்வது இரண்டு: புண், மூத்திரம்."

உணர்ச்சியில்லாதவன் புரண்டு படுக்கமாட்டான். ஒரே இடத்தில் எலும்பு அழுந்த அழுந்தத் தோலுக்கு ரத்தம் போகாமல் சதை அழுகும். அதனால் இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். மூத்திரப்பை நிறைந்தது தெரியாது. தேங்கித் தேங்கிச் சீழ் வைத்து சிறுநீரகம் வரைக்கும் ஏறும். நாலு மணிக்கு, ஆறு மணிக்கு ஒரு முறை சுத்தமான ரப்பர்க் குழாயைத் தானே செலுத்திக் காலி பண்ணப் பழக வேண்டும். மூட்டுகள் இறுகாமலிருக்கத் தினம் காலை மடக்கி நீட்ட வேண்டும். இவ்வளவுதான் ரகசியம். மூலிகையும் இல்லை, மந்திரமும் இல்லை. கடிகாரமும் ஒரு ஜோடிக் கையும்.

எகிப்து தேசத்துப் பழைய வைத்தியச் சுவடி ஒன்று இந்த நோயை வைத்தியத்துக்கு அடங்காதது என்று ஒதுக்கிவிட்டதாம். அதன் பிறகு மூவாயிரத்துச் சொச்சம் வருஷம் உலகம் முழுவதும் ஏறத்தாழ அப்படியே நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையை உடைத்தவர் லுட்விக் குட்மன் என்ற யூத டாக்டர். ஹிட்லருக்குத் தப்பி 1939-ல் இங்கிலாந்துக்கு வந்தவர். 1944-ல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில், யுத்தத்தில் முதுகு முறிந்த சிப்பாய்களுக்கான வார்டை அவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் அவர்களைச் சாக விடவில்லை. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டினார், உட்கார வைத்தார், வேலை கொடுத்தார், விளையாட விட்டார். 1948-ல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் சக்கர நாற்காலிக்காரர்கள் பதினாறு பேரை வில்வித்தைப் போட்டிக்கு இறக்கினார். இன்றைய பாராலிம்பிக்கின் வித்து அதுதான்.

"அவர் எங்கேயோ வெள்ளைக்காரச் சீமையில் செய்தார் என்று நினைக்காதீர்கள்" என்றார் டாக்டர். "வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்று ஓர் அம்மாள் இருந்தார். இளம் டாக்டர். 1954-ல் கார் விபத்தில் முதுகு முறிந்து இரண்டு காலும் போயிற்று. டாக்டர் பால் பிராண்ட் அவருக்குத் தைரியம் சொன்னார். ஆபரேஷன் செய்யக் கால் வேண்டாமே, கை போதுமே! சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளைச் சரிசெய்யும் ஆபரேஷன்களைச் செய்தார் அந்த அம்மாள். பிறகு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இந்த மறுவாழ்வு வைத்தியத்தைக் கற்று வந்து, தன்னைப் போன்றவர்களுக்காகவே வேலூரில் ஒரு துறையை நடத்தினார். 1966-ல் அங்கே தனி மறுவாழ்வு நிலையமே ஏற்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1986-ல் காலமானார். கடைசி வரைக்கும் சக்கர நாற்காலிதான்."

கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டுக் கேட்டார்: "உங்கள் நண்பர் எந்த ஊர் என்றீர்கள்? செட்டியார்பட்டியா? அங்கிருந்து தென்காசி பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்க்குடி. அமர் சேவா சங்கம் என்று கேள்விப்பட்டதில்லையா?"

கேள்விப்பட்டிருந்தேன், பெயரளவில். அதை நிறுவிய ராமகிருஷ்ணன் ஆய்க்குடிக்காரர். இஞ்சினீயரிங் மாணவராக இருந்தபோது 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போனார். அங்கே நடந்த உடற்சோதனையில் மரத்திலிருந்து விழுந்தார். கழுத்தில் அடி. அதன் பிறகு கழுத்துக்குக் கீழே இயக்கமில்லை. ராணுவ ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்தியம் பார்த்து நம்பிக்கை ஊட்டிய டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். 1981-ல் சொந்த ஊரில் ஒரு கீற்றுக் கொட்டகையில் சில குழந்தைகளோடு ஆரம்பித்தது, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் சிகிச்சையும் படிப்பும் தொழிலும் கொடுக்கிற ஸ்தாபனமாக வளர்ந்தது. 2020-ல் அவருக்கும் பத்மஸ்ரீ.

மரத்திலிருந்து விழுந்தவர்! நண்பர் வீட்டிலிருந்து இரண்டு மணி பிரயாணத்தில்! நானோ கல்யாணப் பந்தலில் மாயம் செய்துகொண்டிருந்தேன்.

விடைபெறும்போது டாக்டர் சொன்னார்: "அந்தத் தாய் உங்களிடம் 'எப்போது நடப்பான்' என்று கேட்பாள். 'எப்போது உட்காருவான்' என்று கேட்கச் சொல்லுங்கள். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது."

மறுவாரம் மறுபடி செட்டியார்பட்டிக்குப் போனேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன கஷ்டமான வாக்கியம் அன்றைக்குச் சொன்னதுதான்: "அம்மா, அந்த வாத்தியார் எழுந்து நடந்தது பொய். நான் கட்டி எழுதினேன்."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலில் கிடந்தவன்தான் முதலில் பேசினான். "அம்மாகிட்ட இதை யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு சார். எனக்கு எப்பவோ தெரியும்."

எட்டு மாதமாகத் தாய்க்காக மகனும், மகனுக்காகத் தாயும் நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த நாடகத்துக்கு வசனம் எழுதியவன் நான்.

டாக்டர் சொல்லிவிட்ட மறுவாழ்வு மையத்தில் அவன் மூன்று மாதம் இருந்தான். முதலில் புண்ணை ஆற்றினார்கள். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்து ஊர் ஊராக அனுப்புகிறார்களே, அந்தத் துணியின் அருமை தனக்கு அங்கேதான் தெரிந்தது என்றார் நண்பர். பிறகு கையைப் பலப்படுத்தினார்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் பலகை போட்டு நகர்வது, நாற்காலியிலிருந்து கக்கூசுக்கு நகர்வது, குழாயைத் தானே செலுத்திக்கொள்வது, கண்ணாடியை வைத்துத் தன் முதுகைத் தானே சோதிப்பது எல்லாம் படித்தான். முதல் முறை உட்கார வைத்தபோது தலைசுற்றி மயங்கிவிட்டானாம். எட்டு மாதம் படுத்தவனுக்கு உட்காருவதே ஒரு மலையேற்றம்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத எனக்குக் கை வருகிறது, எழுதமாட்டேன். ஊருக்கு வந்த பிறகு இரண்டு முறை மூத்திரக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ராத்திரியில் அழுவதுண்டு என்று தகப்பனார் சொன்னார். பஸ்ஸில் அவனால் ஏற முடியாது. சிநேகிதர்களில் பாதிப் பேர் வரவில்லை. தண்டுவடத்தில் மின்சாரத் தூண்டல் கொடுத்து, வெளிநாட்டில் சிலரைப் பிடிமானத்தோடு அடியெடுத்து வைக்கச் செய்திருக்கிறார்கள். அது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. அந்தச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அனுப்புகிறான். ஆசை போகுமா? போக வேண்டியதும் இல்லை. ஆனால் அந்த ஆசையைக் கட்டிலாக்கி அதில் படுத்துக்கொள்ளவில்லை.

போன தை மாதம் அங்கே போயிருந்தேன். வாசற்படியை இடித்துச் சரிவு கட்டியிருந்தார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று கணக்கு. தெருவில் அவ்வளவு இடம் கிடையாதென்று பக்கவாட்டில் திருப்பிக் கட்டியிருந்தார் கொத்தனார். முன்கூடத்தில் தாழ்வான மேஜை. நாற்காலியில் உட்கார்ந்து, துணி அடுக்கின்மேல் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பழைய முதலாளியே வீட்டுக்குத் துணி அனுப்புகிறாராம். பேச்சுக்கு நடுவில் கால் மணிக்கொரு தரம் இரண்டு கையையும் ஊன்றி உடம்பை மேலே தூக்கி, சற்று நிறுத்தி, இறக்கினான். புண் வராமலிருக்கச் செய்கிற காரியம். நாம் கொட்டாவி விடுகிற மாதிரி அவனுக்கு அது சகஜமாகிவிட்டது.

அவன் தாயார் காப்பி கொண்டு வந்தாள். மாரியம்மனுக்கு நேர்ந்த நூற்றெட்டுத் தேங்காயை உடைத்தாயிற்று என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவன் நடந்தாலல்லவா உடைப்பதாக நேர்ந்தது?" என்றேன்.

"கோயில்லே பூசாரியும் அதைத்தான் கேட்டாரு அண்ணாச்சி. நடக்கலையேம்மான்னாரு. நடந்தா வந்தான், உருண்டா வந்தான்? வீட்டிலேருந்து கோயில் வரைக்கும் யாரும் தள்ளாம தானா வந்தான்ல. அம்மனுக்கு அது போதும்னேன்" என்று சொல்லிவிட்டு, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தத் தொடர்கதையை மறுபதிப்புப் போட வேண்டுமென்று பதிப்பாளர் இப்போது கேட்கிறார். கடைசி அத்தியாயத்தை மாற்ற வேண்டும் என்றேன். வாசகர்கள் ஒப்பமாட்டார்கள் என்கிறார். ஒப்புவார்களா மாட்டார்களா என்று எனக்குத் தெரியாது. நான் செட்டியார்பட்டியில் ஒரு வாசகியைக் கேட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வெளியே போகிறார்கள். "நில்லுங்கள்!" என்று ஒரு குரல் கேட்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார்.